மூன்றாவது வரியில் நிற்கிற இடம்

வெள்ளைத் துணியைப் பித்தளைக் கைப்பிடிக்குள் நுழைத்து மறுபக்கம் இழுத்தபோது அது பாதியில் மாட்டிக்கொண்டது. ஹெட்லி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"அப்படி இழுத்தா கிழிஞ்சிடும், மச்சான். நீ இழுத்த இழுப்புக்கெல்லாம் என் தங்கச்சிதான் வருவா. துணி வராது," என்றார் டிகொரி.

சவப்பெட்டி முன்னறையில் இரண்டு நாற்காலிகளின் மேல் இருந்தது. அதன் இந்தப் பக்கம் செத்துப்போன லவ்டேயின் புருஷன் ஹெட்லி, அந்தப் பக்கம் கடலோர போர்த்கெவனிலிருந்து வந்த அவள் அண்ணன் டிகொரி. மூடியை நேற்றே மூடியாகிவிட்டது. ஆறு கைப்பிடிக்கும் துணி கோர்த்தாக வேண்டும். தோளில் ஏற்றுவதெல்லாம் ஆற்றுக்கு அந்தப்பக்கத்து இங்கிலாந்துக்காரர் பழக்கம். கார்ன்வாலின் இந்தக் கார்ன்விடனில் அப்படி இல்லை. கையைத் தாழ்த்தி, துணியைப் பிடித்து, இடுப்புயரத்தில்தான் தூக்குவார்கள். பெரிய பிரபுவை ஊர்வலம் விடுவது மாதிரி தலைக்கு மேல் தூக்கிக் காட்ட இங்கே யாரும் அவ்வளவு பெரியவரில்லை.

"உங்க ஊர்ல துணி போடறதில்லையோ?" என்று ஹெட்லி கேட்டார்.

"போடுவோம். ஆனா எங்க ஊர்ல தரை சமம். தூக்கினா நேரா கடற்கரைக் கல்லறைக்குத்தான். உங்க ஊர் மாதிரி மூணு தடவ மூச்சு வாங்கிட்டுப் போக வேண்டியதில்ல."

"மீன் கூடை தூக்கின கை."

"சுரங்கத்துல ஒளிஞ்சுகிட்டிருந்த கை," என்றார் டிகொரி.

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு இருந்தது நல்லதாகப் போயிற்று. கைகள் வேலை செய்தன.

கதவைத் தட்டாமலே வெஸ்லி உள்ளே வந்தார். ஆலயத்தில் பாட்டு நடத்துகிறவர். தொப்பியைக் கழற்றிப் பெட்டியைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். அப்புறம் ஹெட்லியின் கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப்போனார்.

"ஜோசஃபு வரல. முட்டி வீங்கிக் கெடக்கான். அடிக்குரலுக்கு இப்ப எனக்கு ரெண்டு பேருதான். ஒருத்தனுக்குச் சளி, இன்னொருத்தனுக்குக் காது கேக்காது."

"அதுக்கு?"

"நீ முன்னால வந்து நில்லு."

பொண்டாட்டி செத்தால் புருஷன் பெட்டிக்குப் பின்னால் நடப்பான். வாயைத் திறக்க மாட்டான். பாடுகிறவர்கள் பெட்டிக்கு முன்னால் போவார்கள். இது எழுதி வைத்த சட்டமில்லை, அதனால்தான் யாரும் மீறியதுமில்லை.

"இன்னிக்கின்னு பாத்து அந்தப் பொண்ணு வேற பாட்டப் பதிவு பண்ற மெஷினத் தூக்கிக்கிட்டு வருது," என்றார் வெஸ்லி. "நடுவுல அடிக்குரல் ஒத்தையா எடுத்துக் குடுக்கிற எடம் இருக்கு பாரு. அங்க இவனுங்க ரெண்டு பேரும் பாடினா கெணத்துல தவளை கத்தற மாதிரி இருக்கும். போர்த்கெவன்காரன் கேட்டா வயித்தப் புடிச்சுகிட்டுச் சிரிப்பான்."

"இங்க ஒரு போர்த்கெவன்காரன் நிக்கிறேன்," என்றார் டிகொரி அந்தப் பக்கத்திலிருந்து.

"ஒன்னச் சொல்லல. நீ தூக்கறவன்."

அடுக்களை வாசலில் மகள் கெரன்ஸா நின்றிருந்தாள். பிரிஸ்டலிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கார் ஓட்டி வந்தவள். கறுப்புக் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தாள்.

"அப்போ எம்பக்கத்துல யாருப்பா நடப்பா?"

"மாமா இருக்காரே."

"மாமா பெட்டி தூக்கறாரு."

"மேடு ஏறுற வரைக்கும்தான்மா. அப்புறம் நான் பின்னால வந்துடறேன்."

"அம்மா சாவு கச்சேரியில்லன்னு அன்னிக்கே போன்ல சொன்னேன். அந்தப் பதிவு பண்றவங்க வரவே வேணாம்னேன். எதுவும் மாறாது, ஓரமா நின்னு எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

"என்ன மாறிடுச்சு இப்ப? ஜோசஃபுக்கு முட்டி வீங்கினா அதுக்கும் அந்தப் பொண்ணா காரணம்?"

கெரன்ஸா அவரைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். கோப்பைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. தேவைக்கு மேலேயே கேட்டது.

*

அந்தப் பெண் ஹாரியட். வசந்த காலத்தில் முதல் தடவை வந்தபோது ஹெட்லி அவளை வாசலிலேயே நிறுத்திவைத்துத்தான் பேசினார். தோளில் பை, கையில் மெஷின், முகத்தில் சிரிப்பு என்று வருகிற யாரையும் அவர் நம்பியதில்லை. சுரங்கத்தை மூட வந்தவர்களும் அப்படிச் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். லவ்டேதான் உள்ளே கூப்பிட்டாள். அப்போதே அவளால் அடுப்புப் பக்கத்து நாற்காலியைவிட்டு அதிகம் எழ முடியாது.

பாரம்பரிய இசைப் பட்டியல் என்று ஒன்று தயாராகிறது, அதற்காக வந்திருக்கிறேன் என்றாள் ஹாரியட். போர்த்கெவனின் கிறிஸ்துமஸ் பாட்டுகள் அதில் ஏறிவிட்டன. துறைமுகத்தில் பலகைகூட வைத்துவிட்டார்கள். ஹெட்லி அந்தப் பலகையைப் பார்த்திருந்தார். பார்த்த அன்றைக்கு மீன்கூட வாங்காமல் திரும்பி வந்துவிட்டார்.

"இந்த அடக்கப் பாட்டுல கார்ன்வாலுக்குன்னு தனியா என்னங்க இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"நாங்க பாடறோம். பத்தாதா?"

"வார்த்தை எல்லா ஊர்ப் பாட்டுப் புஸ்தகத்துலயும் இருக்கு. மெட்டும் வடக்க ஒரு ஊர்ல கிட்டத்தட்ட இதே மாதிரி..."

"அப்போ அவன் எங்ககிட்டேருந்து எடுத்திருக்கான்."

அடுப்புப் பக்கத்திலிருந்து லவ்டே சிரித்தாள். "இவருகிட்டேருந்து எல்லாரும் எடுத்ததுதாம்மா. எங்க போர்த்கெவன்காரங்களும் எடுத்தாங்களாம். அங்க அந்த மெட்டுக்குப் பேரு போர்த்கெவன். இங்க வந்தா கார்ன்விடன். நான் ஒருத்திதான் ஒண்ணும் எடுக்காம இந்த ஆளையே எடுத்துக்கிட்டேன்."

ஹாரியட்டும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஹெட்லிக்கு உறைத்தது. விடக்கூடாது என்று தோன்றியது. மூன்றாவது வரியில் நிற்கிற இடத்தை அவளுக்குச் சொன்னது அப்போதுதான். சொல்லவில்லை, பாடியே காட்டினார். மூன்றாவது வரி பாதி போனதும் எல்லாக் குரலும் வெட்டினாற்போல் நின்றுவிடும். காலும் நிற்கும். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, ஒன்றுமிருக்காது. பிறகு அடிக்குரல் மட்டும் தரையிலிருந்து எழுந்து வருகிறாற்போல விட்ட சொல்லை எடுக்கும். அது ஒரு சுற்று வந்தபின் மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொள்ளும்.

ஹாரியட் பேனாவை வைத்துவிட்டாள். "இது வேற எங்கயும் இல்ல," என்றாள், ஏதோ காணாமல் போனது கிடைத்தவள் மாதிரி.

"இருக்காது."

"கை மாத்தறதுக்கு நிக்கிறதும்மா அது," என்றாள் லவ்டே. "மேட்டுல தூக்கறவங்களுக்குக் கை விட்டுப் போயிடும். அடுத்த ஆறு பேரு வந்து துணியைப் புடிக்கணுமில்ல? எங்க ஊர்ல தரை சமம். நாங்க நிக்காம பாடிட்டுப் போயிடுவோம்."

"அவங்களுக்கு எங்க நிக்க நேரம்? கடல் வத்திடுமே," என்று ஹெட்லி பேச்சை மடக்கிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போனது என்று வெஸ்லி சொல்வார். சுரங்கம் போய்விட்டது, பள்ளிக்கூடம் போய்விட்டது, பாதி வீடு கோடைக்கு வருகிறவன் கையில். நம்முடையது என்று காட்ட ஒரு இடம் இருக்கிறது, அதுவும் பாட்டுக்குள் சத்தமே இல்லாத ஒரு இடம். அதை இனி யாரும் தொட முடியாது. அடக்கப் பாட்டைத் தெருவில் வைத்துப் பாடினால்தான் பதிவு செய்ய முடியும், அதற்கு ஒரு சாவு வரவேண்டும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சாவு அவர் வீட்டிலேயே வந்தது.

கடைசி நாள் மத்தியானம் லவ்டே கட்டிலில் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஹெட்லி ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதி உள்ளே போயிற்று, பாதி தாடையில் வழிந்தது. அவள் முனக ஆரம்பித்தாள். வலியில் முனகுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகுதான் அது மெட்டு என்று தெரிந்தது. முதல் வரி. மூச்சு வாங்கி இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் பாதிக்கு வந்தாள். நிற்கவில்லை. சின்ன வயதில் கடற்கரை வழியில் பாடிக்கொண்டு போனாளே, அதே மாதிரி ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"அங்க நிக்கணும், லவ்டே," என்றார் ஹெட்லி.

ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. நாக்கு சொல்லிவிட்டது. ஆலயத்தில் புதுசாகச் சேர்ந்த பையன்களுக்குச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டது.

அவள் கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபமில்லை. தப்புச் செய்துவிட்டுப் பிடிபட்ட பிள்ளை மாதிரி உதட்டை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பாடவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். வெளிச்சம் போவதற்குள் அவளும் போய்விட்டாள்.

இதை ஹெட்லி யாரிடமும் சொல்லவில்லை.

*

ஹாரியட் முழங்காலளவு பூட்ஸும் கறுப்பு உடுப்புமாக வந்திருந்தாள். ஒரு நீளக் கம்பின் நுனியில் சாம்பல் நிற ரோமப் பந்து.

"அது என்னம்மா, செத்த பூனையா?" என்றார் டிகொரி.

"மைக்குங்க. காத்துச் சத்தம் விழாம இருக்க."

"எங்க ஊர்க் காத்துக்கு அந்த ஒரு பூனை போதாதே. இன்னும் நாலஞ்சு கொன்னு எடுத்துட்டு வந்திருக்கணும்."

அவள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஹெட்லியைப் பார்த்தாள். ஹெட்லி பார்க்கவில்லை. பாடுகிறவர்களோடு போய் முன்வரிசையில் நின்றுகொண்டார். பின்னால் பெட்டி. பெட்டியின் இருபுறமுமாக ஆறு பேர், டிகொரி தலைமாட்டில். அதற்கும் பின்னால் கெரன்ஸா, தனியாக. அவளுக்கு வலதுபக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருந்தது. ஊர் ஜனம் அந்த இடத்தை நிரப்பாமல் ஒதுங்கி, கொஞ்சம் தள்ளியே வந்தது. அது ஹெட்லியின் இடம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெஸ்லி சுருதி கொடுத்தார். கிளம்பினார்கள்.

சந்து குறுகலானது. இரண்டு பக்கமும் கல் அடுக்கிப் புல் முளைத்த வேலி. ஒரு பெட்டியும் இரண்டு பக்கம் ஆளும் போனால் அதற்குமேல் ஒரு கோழிகூடப் போக முடியாது. அவ்வளவு ஒடுக்கம். வேலியின் மேலேறி ஹாரியட் முன்னால் முன்னால் ஓடி, கம்பை நீட்டிக்கொண்டு நின்றாள். குரல்கள் கல்லில் மோதித் திரும்பின. ஹெட்லிக்கு முதுகில் பெட்டி தெரிந்தது. பார்க்காமலே தெரிந்தது. துணி கிறீச்சிடுகிற சத்தம், தூக்குகிறவர்களின் பூட்ஸ், டிகொரியின் மூச்சு.

மேடு செங்குத்தாகிற இடத்தில் மூன்றாவது வரி வந்தது. வெஸ்லி நாற்பது வருஷமாக அந்தக் கணக்கில் பிசகியதில்லை. பாதியில் எல்லோரும் நின்றார்கள். பின்னால் அடுத்த ஆறு பேர் வந்து துணியை வாங்கிக்கொண்டார்கள். டிகொரி மட்டும், இது என் தங்கச்சி என்று, விடவில்லை. சத்தமில்லை. ஒரு மூச்சு. ஹெட்லி வாயைத் திறந்தார்.

அதே நொடியில் மேட்டுக்கு மேலே ஹெலிகாப்டர் வந்தது. கடலில் யாரையோ தேடப் போகிறதோ என்னவோ, தாழ்வாக, ஊரையே உழுகிறாற்போலப் போயிற்று. வேலிப்புல் சாய்ந்தது. ஹெட்லி பாடிக்கொண்டுதான் இருந்தார். எல்லோரும் பாடினார்கள். ஒருத்தருக்கொருத்தர் வாயைப் பார்த்துப் பாடி முடித்தார்கள். ஹெலிகாப்டர் போனபோது பாட்டு எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தது. ஒரு அட்சரம் தப்பவில்லை.

ஹாரியட் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள்.

ஹெட்லி கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றார்கள்.

"மெஷின்ல விழலையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. பரவாயில்ல. நீங்க போங்க, ப்ளீஸ்."

"அந்த இடம் விழலையா?"

"அந்த இடந்தான்... பரவாயில்லங்க. நெஜமாவே."

"போர்த்கெவன்ல எடுத்தப்ப சுத்தமா விழுந்துச்சா?"

அவள் கம்பைத் தாழ்த்தினாள்.

ஹெட்லி திரும்பினார். கிளம்பினதிலிருந்து முதல் தடவையாகப் பெட்டியைப் பார்த்தார். "கீழ போங்க. அந்த வளைவு வரைக்கும். மறுபடி பாடுவோம்."

யாரும் நகரவில்லை. வெஸ்லி தரையைப் பார்த்தார்.

"ஹெட்லி," என்றார் டிகொரி. அவர் முகம் பாரத்தில் சிவந்திருந்தது. "கொண்டுபோற பொம்பளயத் திருப்பிக் கொண்டார மாட்டாங்கப்பா. எங்க ஊர்லயும் மாட்டாங்க. உங்க ஊர்லயும் மாட்டாங்க."

"வேணாங்க," என்றாள் ஹாரியட் வேலி மேலிருந்து. "நான் கேக்கவே இல்லீங்க."

"நீ கேக்கலம்மா. நான் சொல்றேன். எம்பொண்டாட்டி. நான் சொல்றேன், போங்க."

புருஷன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அதுவும் எழுதி வைத்த சட்டமில்லை.

அந்தச் சந்தில் பெட்டியைத் திருப்ப முடியாது. அதனால் தூக்கினவர்கள் அப்படியே பின்காலால் இறங்கினார்கள். பூட்ஸ் சரளையில் வழுக்கியது. பெட்டி ஆடியது. கெரன்ஸாவுக்கு ஒதுங்க இடமில்லை. அவள் பெட்டியைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் அடி எடுத்து வைத்தாள். பெட்டி அவளை நெட்டித் தள்ளிக்கொண்டு வருவது மாதிரி இருந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்தாள், தொடாமல். அவளுக்குப் பின்னால் இருந்த ஜனத்துக்கு என்ன ஏது என்று தெரியவில்லை. ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். "லவ்டே திரும்பி வர்றா!" என்று ஒரு கிழவி கத்திவிட்டாள். யாரோ அவளை அடக்கினார்கள்.

வளைவில் நின்றார்கள். கெரன்ஸா தூக்குகிறவர்களில் ஒருவனிடம் போனாள். "குடு," என்றாள். அவன் தயங்கினான். அவள் அவன் கையிலிருந்து துணியைப் பிரித்து எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள், மாமாவுக்கு நேரெதிரே. பெட்டிக்குப் பின்னால் இப்போது இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது.

வெஸ்லி சுருதி கொடுத்தார். குரல் கம்மியிருந்தது.

வானத்தில் ஒன்றுமில்லை. காற்றுகூட நின்றுவிட்டது. பாட்டு வேலிக்கு நடுவில் தண்ணீர் ஏறுவது மாதிரி ஏறியது. மூன்றாவது வரி. பாதியில் நின்றார்கள். ஆனால் கை மாற்ற ஒருவரும் வரவில்லை, அதுதான் முதல் தடவையிலேயே மாற்றியாயிற்றே. தூக்கினவர்கள் சும்மா நின்றார்கள், கையில் தொங்குகிற பாரத்தோடு, பாட்டில் ஒரு இடைவெளி வேண்டும் என்பதற்காக.

ஹெட்லி வாயைத் திறந்தார். அந்தச் சொல் வந்தது. அவர் வாழ்நாளில் அந்த இடத்தை அவ்வளவு சுத்தமாக எடுத்ததில்லை. கரகரப்பில்லை, நடுக்கமில்லை. ஆகா, விழுந்துவிட்டது என்று நினைத்தார். அப்படி நினைத்தது அவருக்கே கேட்டது. லவ்டே தனக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொண்டன. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மேடு ஏறிய பிறகு பெட்டிக்குப் பின்னால் போய் நடக்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் கெரன்ஸா துணியை யாரிடமும் கொடுக்கவில்லை. கல்லறைத்தோட்டத்துக் கதவுவரை அவளே தூக்கினாள். ஹெட்லி பாடுகிறவர்களோடேயே உள்ளே போனார்.

*

அடக்கம் முடிந்து ஆலயக் கூடத்தில் தேநீர். நீள மேசையில் குங்குமப்பூ கேக் வெட்டி அடுக்கியிருந்தார்கள். ஜனம் ஹெட்லியிடம் வந்து கையைக் குலுக்கியது, நல்லா நடந்துச்சு என்றது, நகர்ந்தது. யாரும் சந்தில் நடந்ததைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இவர்கள் கேக் நல்லாயிருக்கு என்கிறார்கள்.

ஹாரியட் கதவோரம் நின்றிருந்தாள், கேக்கைத் தொடாமல். ஹெட்லி அவளிடம் போனார்.

"போடு. கேக்கணும்."

"இன்னிக்கு வேணாங்க."

"போடும்மா."

அவள் ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். முதல் பாட்டு வந்தது. நடுவில் ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் தின்றது. பிறகு ஒரு கிழவன் குரல், கடுமையாக, பக்கத்திலேயே: கீழ போங்க. தன் குரல் வெளியிலிருந்து அப்படித்தான் இருக்குமா என்று அவருக்குத் தெரியாது. டிகொரியின் பேச்சு. அப்புறம் சரளையில் கால்கள். முன்னால் போகிற காலுக்கும் பின்னால் போகிற காலுக்கும் சத்தத்தில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று யார் கண்டது? தேய்த்துத் தேய்த்து, தயங்கித் தயங்கி. கிழவியின் கத்தல். பிறகு அந்தச் சுத்தமான பாட்டு.

காதிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்.

"நடுவுல இருக்கறத வெட்டிடுவேங்க," என்றாள் ஹாரியட் மெதுவாக. "யாருக்கும் தெரியாது. கவலப்படாதீங்க."

"வெட்டிட்டா பெட்டி கீழ போகலன்னு ஆயிடுமா?"

அவள் கண் கலங்கியது. சின்னப் பெண். ஹெட்லிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்த நிக்கிற எடம் இருக்கே," என்றார், "அது தூக்கறவன் கை வலிக்கு நிக்கிறது. லவ்டே அன்னிக்கே சொன்னா. அதுல கார்ன்வாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கை வலி எல்லா ஊர்லயும் இருக்கு. எழுதிக்க."

"அதத்தாங்க நானும்..."

அவள் முடிப்பதற்குள் டிகொரி கோப்பையோடு வந்துவிட்டார். அவர் உள்ளங்கையில் துணி அழுத்திய கோடு இன்னும் சிவப்பாக இருந்தது. ஹாரியட் நகர்ந்து போனாள்.

"கெரன்ஸா நல்லாத் தூக்கினா," என்றார் டிகொரி.

"ம்."

"எங்க ஊர் ரத்தம்."

"ம்."

டிகொரி தேநீரை ஊதிக் குடித்தார். "எங்கம்மா போறப்ப பாடிக்கிட்டேதான் போச்சு. இதே மெட்டு. நானும் லவ்டேயும் ரெண்டு பக்கம் ஒக்காந்து கூடவே பாடினோம். ரொம்ப நாள் லவ்டே சொல்லிகிட்டிருந்தா, நானும் அப்படித்தாண்ணே போவேன்னு." கோப்பைக்குள் பார்த்தார். "ஏதாச்சும் பாடினாளா மச்சான், கடைசில?"

ஹெட்லியின் கையில் இருந்த கேக் உதிர்ந்து தட்டில் விழுந்தது.

"இல்ல," என்றார். "சக்தி ஏது?"

"அதுவும் சரிதான்." டிகொரி தலையாட்டினார். கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி இருந்தார். "கேட்டேன், அவ்வளவுதான்."

*

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் அடுக்களை ஜன்னலில் இருந்தது. முன்னறையில் இரண்டு நாற்காலிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி காலியாக நின்றன. யாரும் எடுத்துப் போடவில்லை.

ஆறு துணிகளையும் டிகொரி சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த சாவுக்கு வேண்டும். எப்போதும் வீட்டுப் பெண்கள்தான் துவைத்துக் கொடுப்பார்கள். கெரன்ஸா கை நீட்டினாள். ஹெட்லி கொடுக்காமல் தானே தொட்டியில் போட்டார். அவள் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். கூடத்திலிருந்து வந்ததிலிருந்து அவள் அவரிடம் பேசவில்லை, சாவி எங்கே என்று கேட்டதைத் தவிர.

தண்ணீர் பழுப்பாயிற்று. பித்தளைக் கறை, சரளை மண், வியர்வை. அவர் சோப்புப் போட்டுக் கசக்கினார். ஒரு துணியில் மட்டும் சின்னதாக ரத்தம் இருந்தது, கை தேய்ந்த ரத்தம். யாருடையது என்று கெரன்ஸாவைக் கேட்க வேண்டியதில்லை. அதைக் குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசினார்.

அலசிக்கொண்டே முனகினார். வாயைத் திறக்காமல், மூக்கால். முதல் வரி. கெரன்ஸா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் பாதிக்கு வந்தார். போயிருக்க வேண்டும், லவ்டே போன மாதிரி ஒரே ஓட்டமாக, அந்தப் பக்கத்துக்கு. தொண்டை தானாக மூடிக்கொண்டது. கையும் நின்றுவிட்டது.

திரும்ப ஆரம்பித்தார். முதல் வரி. இரண்டாவது. மூன்றாவதில் அதே இடத்தில் நின்றது. வண்டிமாடு தெரிந்த வீட்டு வாசலில் நிற்பது மாதிரி நின்றது.

துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி தண்ணீரில் போட்டார்.

கெரன்ஸா தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். துடைத்த தட்டைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் கைகளைப் பார்த்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஹெட்லி அதை இறுக்கி மூடிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.